வீணைக்கு உண்டு, ஹாக்கிக்கு இல்லை

வடக்கு தில்லியின் முகர்ஜி நகரில் காலை நேரத்து டீக்கடைகளில் ஆங்கில நாளிதழ் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிக்கப்படுகிறது. மத்திய அரசு வேலைக்கும் சிவில் சர்வீஸுக்கும் தயாராக வந்து, ஆறுக்கு எட்டு அறைகளில் இருவர் மூவராக அடைந்து கிடக்கும் இளைஞர்கள் இவர்கள். கோச்சிங் ஆசிரியர்களின் உத்தரவு வேறு: தலையங்கப் பக்கத்தைப் படி, கடினமான சொற்களைக் குறித்துவை. உத்தரவைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரும் மாணவரின் கை நேராக விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிறது. சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டத் தேவையில்லை. நேற்றிரவு கண்விழித்துப் பார்த்த ஆட்டத்தைப் பற்றிய செய்தியில் என்ன நடந்தது என்பது படிப்பவருக்கு முன்பே தெரியும். எனவே, நடந்தது ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கை பற்றிய தலையங்கத்தில் அந்த இடம் கிடைப்பதில்லை. விஷயம் என்ன என்று தேடுவதிலேயே மூச்சு வாங்கிவிடுகிறது.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். 1983 ஜூன் 25-இல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் அணி 183 ரன்னுக்குச் சுருண்டது, மேற்கிந்தியத் தீவுகளை 140-இல் மடக்கியது. இதை ஆங்கிலத்தில் சொன்னால்: ‘இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ் பை 43 ரன்ஸ் அட் லார்ட்ஸ் ஆன் ஜூன் 25, 1983.’ தமிழில் ‘43 ரன் வித்தியாசத்தில்’, ‘லார்ட்ஸில்’, ‘ஜூன் 25-இல்’ என்று மூன்று இடத்திலும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் வித்தியாசத்துக்கு ‘பை’, மைதானத்துக்கு ‘அட்’, தேதிக்கு ‘ஆன்’. வெறும் ஆண்டு என்றால் ‘இன்’. நமது ‘இல்’ ஒண்டியாகப் பார்க்கும் வேலைக்கு அங்கே நான்கு ஆள். முன்னிடைச் சொற்களின் பட்டியலை நூறு முறை உருப்போட்டாலும் இந்த வேலைப் பிரிவினை மனதில் ஒட்டாது. லார்ட்ஸ் பால்கனியில் கோப்பை உயர்ந்த காட்சியோடு சேர்த்துப் படித்தவருக்கு ஒட்டிக்கொள்கிறது.

அதே வாக்கியத்தில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. தமிழில் ஆட்டத்தையும் வெல்லலாம், கோப்பையையும் வெல்லலாம், பாகிஸ்தானையும் வெல்லலாம். ஒரே வினை எல்லாவற்றுக்கும் போதும். அதனால்தான் தமிழர்கள் தயக்கமே இல்லாமல் ‘இந்தியா வன் பாகிஸ்தான்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘வின்’ என்பதற்கு ஆட்டமோ கோப்பையோதான் அகப்படும். எதிராளியை ‘பீட்’ செய்யவேண்டும். இந்திக்காரருக்கு இந்த வம்பு குறைவு. ஆட்டத்துக்கு ‘ஜீத்னா’, எதிராளிக்கு ‘ஹரானா’ என்று அவர் வீட்டிலேயே இரண்டு வினைகள் இருக்கின்றன. தவிர, ‘பீட்’ ஒரு விசித்திரப் பிராணி. நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே உருவம்; தோற்றவர் மட்டும் ‘பீட்டன்’.

காலம் பற்றிய தகராறும் இங்கே எளிதாகத் தீர்கிறது. ‘இந்தியா 1983-இல் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே ‘ஹேஸ் வன்’ என்று பெயர்த்தால் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டோ தேதியோ வந்துவிட்டால் வெறும் ‘வன்’. ஆண்டைச் சொல்லாமல் இதுவரையிலான கணக்காகச் சொல்லும்போதுதான் ‘ஹேஸ் வன்’. டிவி வர்ணனையாளர் நிகழ்காலத்தில் பேசுகிறார்: பந்து வீசுகிறார், அடிக்கிறார், பிடிக்கிறார். மறுநாள் நாளிதழ் அதையே இறந்தகாலத்தில் எழுதுகிறது. வர்ணனையைப் பத்து வரி எழுதி வைத்துக்கொண்டு அதைச் செய்தியாக மாற்றிப் பார்ப்பதைவிடச் சிறந்த காலப் பயிற்சி எந்த கைடிலும் இல்லை.

தலைப்புகளை மட்டும் நம்பக்கூடாது. ஆங்கிலத் தலைப்பு ஆர்ட்டிகிளைத் தின்றுவிடும், நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லும், நாளை நடக்கப்போவதை ஒரு ‘டு’ போட்டு முடித்துவிடும். அது இடநெருக்கடிக்காக ஏற்பட்ட தனி இலக்கணம். அதைப் பார்த்து ஆர்ட்டிகிள் கற்றவர் தேறுவது கடினம்.

விளையாட்டுப் பக்கத்துக்கென்று வேறு சில வழக்கங்களும் இருக்கின்றன. முதல் பக்கத்தில் ‘இந்தியா இஸ்’. கடைசிப் பக்கத்தில் ‘இந்தியா ஆர்’. நாடு ஒருமை. அணி என்றால் பதினொரு பேர், எனவே பிரிட்டிஷ் வழக்கப்படி பன்மை. அமெரிக்கர்கள் அணியையும் பெரும்பாலும் ஒருமையாகவே நடத்துவார்கள். நமது நாளிதழ்கள் பிரிட்டிஷ் பாதையில் போகின்றன. நமது கைடுகளோ சிலது இப்படி, சிலது அப்படி. எழுவாய்-பயனிலைப் பொருத்தம் என்ற பெயரில் இதைக் கேள்வியாக்கி ஒற்றை விடையை எதிர்பார்க்கும் தேர்வாளர், மாணவரைவிட அதிகம் பயிற்சி பெறவேண்டியவர்.

சொற்களும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. பழைய கைடுகளில் ‘பேட்ஸ்மேன்’ என்றிருப்பதை, ஆண்-பெண் இருபாலருக்கும் பொதுவாக ‘பேட்டர்’ என்று கிரிக்கெட் விதிகளில் எம்.சி.சி. 2021-இல் மாற்றியது. ‘பேட்டர்’ என்றால் இட்லி மாவு என்று மட்டுமே அறிந்திருந்த வீடுகளில் சிறிது குழப்பம் ஏற்பட்டிருக்கலாம். ‘ஹாட்ரிக்’ என்று நம் அரசியல் நிருபர்கள் மூன்றாம் தேர்தல் வெற்றியைக் கொண்டாடும் சொல் 1858-இல் ஷெஃபீல்டில் பிறந்தது: தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்த எச்.எச். ஸ்டீஃபன்சனுக்குப் பணம் வசூலித்து ஒரு தொப்பி வாங்கித் தந்தார்கள். கபடியில் ‘ரெய்டு’ போகிறவர் ‘ரெய்டர்’. வருமான வரித்துறையின் புண்ணியத்தில் அந்தச் சொல் மட்டும் எல்லா மாநிலத்தவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

‘கோச்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவாரஸ்யம். ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்து ஐரோப்பா முழுவதும் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையிலிருந்து கரைசேர்க்கும் தனி ஆசிரியரை வேடிக்கையாக ‘வண்டி’ என்றார்கள். அதன் பிறகே விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் போனது. ஆக, முகர்ஜி நகரின் கோச்சிங் சென்டர், கிரிக்கெட் கோச்சைவிட மூத்த பொருளில்தான் அச்சொல்லைப் பயன்படுத்துகிறது. அங்கே படித்துத் தேறுபவர்களில் சிலர் ரயில்வேயில் சேர்ந்து நிஜமான கோச்சுகளைக் கணக்கெடுக்கவும் கூடும்.

விளையாட்டுச் செய்தியில் வினை ஓடுகிறது என்றால், கலாசாரப் பத்தியில் வினை உட்கார்ந்திருக்கிறது. செயப்பாட்டு வினைக்கு அதுதான் பிறந்த வீடு. கொல்கத்தாவின் துர்கா பூஜை பற்றி எந்த ஆங்கிலப் பத்தியை எடுத்தாலும் சிலை ‘செய்யப்படுகிறது’, ‘அலங்கரிக்கப்படுகிறது’, ‘கரைக்கப்படுகிறது’. 2021-இல் அந்தத் திருவிழா யுனெஸ்கோவின் பட்டியலில் ‘சேர்க்கப்பட்டது’. தமிழில் இவை கட்டுரைப் புத்தக வாடை அடிப்பவை. பேச்சில் ‘செய்யறாங்க’, ‘கரைக்கிறாங்க’ என்போம். ஆங்கிலத்தில் இது இயல்பான நடை. குமார்டுலியின் தெருக்களில் மாதக்கணக்கில் வைக்கோலைக் கட்டி, மண் பூசி, கண் வரையும் கலைஞர்கள் அந்த வாக்கியங்களில் எங்குமே தென்படுவதில்லை என்பது வேறு விஷயம். மாணவருக்கு இதுவே ஒரு நல்ல பயிற்சி. அந்தப் பத்தியை எடுத்து, செய்பவர்களை உள்ளே கொண்டுவந்து, எல்லா வாக்கியத்தையும் செய்வினையாகத் திருப்பி எழுதிப் பார்க்கலாம்.

இதே பத்தியில் ‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ விவகாரமும் வந்துவிடும். சிலை களிமண்ணால் ஆனது. முடிந்த பிறகும் மண் மண்ணாகவே தெரிகிறது. எனவே ‘ஆஃப்’. வெல்லம் கரும்புச் சாற்றிலிருந்து வருகிறது. முடிந்த பிறகு சாறு இல்லை. எனவே ‘ஃப்ரம்’. தமிழில் ‘மண்ணால் செய்தது’, ‘சாற்றிலிருந்து எடுத்தது’ என்று நாமும் ஏறக்குறைய பிரித்துத்தான் பேசுகிறோம். யாரும் சொல்லித் தராததால் தெரியவில்லை.

பிறகு அந்தப் பிரசித்தி பெற்ற ஆர்ட்டிகிள். விளையாட்டும் கலையும் அடுத்தடுத்து வரும்போதுதான் அதன் குணம் வெளிப்படுகிறது. ஒரு பெண் ஹாக்கி ஆடுகிறாள், வீணை வாசிக்கிறாள். இரண்டுக்குமே ஆங்கிலத்தில் ‘ப்ளே’தான். ஆனால் ‘ஷி ப்ளேஸ் ஹாக்கி’. ‘ஷி ப்ளேஸ் தி வீணா’. ஆட்டத்தின் பெயருக்கு முன் ஒன்றும் கிடையாது. வாத்தியத்துக்கு முன் ‘தி’. கபடிக்கு இல்லை, கடத்துக்கு உண்டு. செஸ்ஸுக்கு இல்லை, ஷெனாய்க்கு உண்டு. இசை விமர்சகர்கள் பலர் வாத்தியத்துக்கும் ‘தி’யை விட்டுவிடுகிறார்கள், அது குற்றமில்லை. ஆனால் தேர்வு விடைத்தாளைத் திருத்தும் கணினிக்கு இசை விமர்சகர்களோடு பழக்கம் கிடையாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான கேள்வி மிச்சமிருக்கிறது. தெரிந்த விஷயத்தைப் படிப்பது எளிது என்றால், தேர்வில் தெரியாத விஷயம் வந்தால் அங்கே சோதிக்கப்படுவது ஆங்கிலமா, விஷயமா?

ஆராய்ச்சியாளர்கள் இதை விளையாட்டிலும் கலாசாரத்திலும் வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டு ஆங்கிலக் கடிதங்களைப் படித்தார்கள். ஒன்று இந்தியத் திருமணம் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணம் பற்றியது. இருதரப்பும் தங்கள் ஊர்த் திருமணத்தை வேகமாகப் படித்தது, அதிகம் நினைவில் வைத்திருந்தது. அடுத்தவர் திருமணத்தில்தான் கோளாறு. அமெரிக்க மணப்பெண் பாட்டியின் கல்யாண உடையை அணிந்திருந்தாள். அங்கே அது பெருமைக்குரிய சம்பிரதாயம். படித்த ஓர் இந்தியருக்கு, பழைய, நாகரிகம் போன உடையாக அது பட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்யவேண்டியது பற்றிய இந்தியப் பேச்சு அமெரிக்கர்களுக்கு இரு வீட்டாரின் பரிசுப் பரிமாற்றமாகத் தோன்றியது. வரதட்சிணையை இவ்வளவு அழகாக இங்கே யாரும் புரிந்துகொண்டதில்லை. இதில் எந்தத் தரப்புக்கும் இலக்கணம் தெரியாமல் இல்லை.

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கக்கூடியவர்களும் வாசிப்பில் பின்தங்கியவர்களும் கலந்திருந்தார்கள். இரு பிரிவிலும் பேஸ்பால் தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. சிறிய மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்தி, படித்த ஆட்டத்தை நடத்திக்காட்டவேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாகப் படித்தும் பேஸ்பால் தெரியாதவர்களை மிஞ்சிவிட்டார்கள்.

அது ஆராய்ச்சிக்கூடம், தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். முகர்ஜி நகரில் தோற்றால் வயது வரம்பு நெருங்குகிறது. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரிகள் தேர்வில் முதல் கட்டத்தின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம்: விடுபட்ட சொல் நிரப்பு, பிழை கண்டுபிடி, பத்தியைப் படித்து விடை சொல். 2023-இல் இந்தக் கமிஷன் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் ஒரு தேர்வை நடத்த முன்வந்தது. கேள்வித்தாள் தமிழில் வந்தது. ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே இருந்தது. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் 25 சதவீதம் எடுக்காவிட்டால், மற்ற தாள்களில் எவ்வளவு எழுதியிருந்தாலும் யாரும் திருத்தமாட்டார்கள்.

இந்த விவகாரம் ஒருமுறை தெருவுக்கே வந்தது. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் 2011-இல் சேர்க்கப்பட்ட சிசாட் தாள், ஆங்கிலத்தில் படித்த நகரத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம் என்று 2014 ஜூலையில் முகர்ஜி நகர் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களது கோபத்தின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பின் மீது. இந்தியில் தரப்பட்ட பத்திகள் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. ‘ஸ்டீல் பிளான்ட்’ என்ற இரும்பாலை, இந்தியில் ‘இரும்புச் செடி’ ஆகியிருந்தது என்று மாணவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இரும்புச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாதவர் அந்தப் பத்தியின் கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழித்தால், அது யாருடைய அறிவுக்குறை? அந்த ஆகஸ்டில் ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்று அரசு அறிவித்தது. 2015 முதல் சிசாட் தாள் முழுவதுமே 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாகிவிட்டது.

எந்தப் பத்தி வரும் என்பது மாணவர் கையில் இல்லை. எதை வைத்துப் பழகுவது என்பது அவர் கையில் இருக்கிறது. அதில்தான் கோச்சிங் வகுப்புகள் தலைகீழாக நடக்கின்றன. முதல் நாளே கடினமான பொருளாதாரப் பத்தியைக் கொடுத்து, கேள்வியை முதலில் படி, பத்தியைப் பிறகு மேய் என்ற குறுக்குவழியைக் கற்பிக்கிறார்கள். ‘சின்ஸ்’ தென்பட்டால் ‘ஹேஸ் பீன்’ போடு என்பது போன்ற மந்திரங்கள் வேறு. பத்தில் ஏழு முறை பலிக்கும். மீதி மூன்றுக்குத்தான் தேர்வாளர் கேள்வியே தயாரிக்கிறார். 1930-களில் ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கணப் புத்தகம், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து உருவானது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு விதி மட்டும் போதும், உதாரணம் அதன் காதிலேயே இருக்கிறது. தேனியிலிருந்தும் தர்பங்காவிலிருந்தும் வந்தவருக்கு உதாரணம்தான் முதலில் வேண்டும்.

நேற்றைய ஆட்டச் செய்தியைப் படிக்கலாம். அடுத்து அதை நகலெடுத்து வினைகளையும் முன்னிடைச் சொற்களையும் அடித்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பார்க்கலாம். விடுபட்ட சொல் நிரப்பும் கேள்வி என்பது வேறொன்றுமில்லை. கிரிக்கெட் பிடிக்காதவர் கபடியையோ தம் ஊர்த் திருவிழாவையோ எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, தெரியாத விளையாட்டுக்குப் போகவேண்டும். கோல்ஃப் நல்ல தேர்வு. பெரும்பாலோருக்கு அதில் ஒன்றும் தெரியாது. சொல் புரியாமல் தடுமாறுவது எங்கே, ஆட்டம் புரியாமல் தடுமாறுவது எங்கே என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

தெரிந்த பத்தியில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 1983 இறுதி ஆட்டம் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, ஆட்ட நாயகன் யார் என்று கேட்டால் ரசிகர் யோசிக்காமல் கபில்தேவ் என்பார். ஜிம்பாப்வேக்கு எதிரான அந்த 175 ரன்கள் அவர் மனதில் நிற்கின்றன. இறுதி ஆட்டத்தின் நாயகன் மொகிந்தர் அமர்நாத். சரி, அதுவும் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். பத்தியில் அந்தத் தகவலே இல்லாமல், ‘பத்தியில் கூறப்படவில்லை’ என்பது நான்காவது விடையாக இருந்தால், அமர்நாத்தும் தவறு. அரை மதிப்பெண் கழியும்.

இன்னொரு பயிற்சிக்குச் செலவே இல்லை, அறைத்தோழர் மட்டும் வேறு மாநிலத்தவராக இருக்கவேண்டும். பிகார்க்காரர் தமது சட் பூஜையை மதுரைக்காரருக்கும், மதுரைக்காரர் ஜல்லிக்கட்டை அவருக்கும் ஒரு பக்க ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். வாயால் விளக்கம் சொல்லக்கூடாது. மாடு எங்கிருந்து வருகிறது, யார் எதைப் பிடிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்பதெல்லாம் படிப்பவருக்கு அந்தத் தாளிலிருந்தே விளங்கவேண்டும். ‘திமில்’ என்பதற்கு ‘ஹம்ப்’ என்று அகராதி சொல்லிவிடும். ‘வாடிவாசல்’ அப்படியே வாடிவாசலாகத்தான் போகும். முதல் தடவை எழுதும்போது அதன் முன்னால் ‘எ’ போடுவதா, ஊருக்கு ஒன்றுதானே இருக்கிறது என்று ‘தி’ போடுவதா என்பதில் நள்ளிரவுவரை சண்டை நடக்கும்.